ஆணி இல்லாத பெருமை

பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் நின்றுவிடுகிறார்கள். ஒன்று, மரத்தில் கண்ட சிற்ப வேலைப்பாடு. மற்றது, ஆணியில்லாமல் கட்டியது என்ற வியப்பு. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரில் அரசிருக்கையாக இருந்து, 1956இல் குமரி மாவட்டத்தோடு நம் எல்லைக்குள் வந்தும் கேரள அரசின் பராமரிப்பிலேயே இருக்கிற அந்தக் கட்டடத்துக்கு இது போதாது என்பது என் அபிப்பிராயம்.

ஆணி இல்லாததைச் சாகசமாக நினைப்பது பாமரத்தனம். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் நாக்கு, இரண்டையும் குறுக்கே பூட்டும் மரமுளை. துளையிட்ட இடத்தில் மரம் குறைகிறது. எனவே முழு மரத்தைவிடச் சந்தி பலவீனமானது. அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் அந்த முளைதான் துணை. இது தெரிந்த தச்சன், பாரம் சந்தியை இழுக்காமல் அழுத்தும்படி கூரையின் உருவத்தையே தீர்மானிக்கிறான். மழையில் மரம் குறுக்குவாட்டில் உப்பும், வெயிலில் சுருங்கும். சந்தி அந்த அசைவுக்கு இடம்விடுகிறது. உளுத்த துண்டை மட்டும் கழற்றி மாற்றவும் முடிகிறது. மயமதம் மரச் சந்திகளுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது.

பாரிஸில் நோத்ர தாம் ஆலயத்தின் கூரை 2019 ஏப்ரலில் எரிந்தது. நவீனக் கூரை வேண்டும் என்ற குரல்களை மீறி, ஓக் மரத்தில் பழைய சந்திகளோடு அதைத் திரும்பச் செய்து 2024 டிசம்பரில் ஆலயத்தைத் திறந்தார்கள். கீழே நின்று வழிபடுகிறவன் கண்ணுக்கு அந்தச் சட்டகம் தெரியாது. கல் விதானம் மறைத்துவிடும். தெரியாத இடத்திலும் முறை பிசகக்கூடாது என்று ஒரு சமூகம் நினைத்திருக்கிறது.

நான் வசிக்கும் அம்பத்தூரில் நட்டும் போல்ட்டும் அன்றாடச் சொற்கள். அதில் எனக்குப் புகாரில்லை. போல்ட் இழுவிசையைத் தாங்கும். அது வேறொரு கட்டட இலக்கணம். ஆனால் பழைய சந்தி தளர்ந்ததும் யோசிக்காமல் இரும்புத் தகட்டை வைத்து இறுக்குவது, அசைய விட்ட இடத்தை அடைப்பதாகும். பக்கத்து மரம் பிளக்கும்.

நம் கவிதை விமர்சனம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். செதுக்கிய படிமத்தைக் கொண்டாடுகிறோம். ஒரு வரியின் பாரத்தை அடுத்த வரி எங்கே வாங்கிக்கொள்கிறது என்று கேட்பதில்லை. வாங்காத இடத்தில் 'போல' என்று ஓர் ஆணி அடித்திருந்தாலும் நமக்கு உறுத்துவதில்லை. வேலைப்பாடு தேய்ந்தபின்னும் கூரை நிற்கும். சந்தி விட்டுப்போனால் வேலைப்பாடும் தரையில்தான்.