இரண்டு கருவி, ஒரே ஊகம்

ஸ்வாட் செயற்கைக்கோளின் ஈர்ப்பு வரைபடம் வெளியானதிலிருந்து கடலடி எரிமலைகளைப் பற்றி எழுதுவோருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நியாயம்தான். மலையின் கூடுதல் நிறை நீரை இழுக்க, கடல்மட்டம் அங்கே சற்று மேடாகிறது. அதை விண்ணிலிருந்து அளந்து, கப்பலே போகாத கடலிலும் மலைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். காந்தமானிக்கும் பெருமை உண்டு: 2013இல் ஒற்றைப் பெரும் எரிமலை என்று கொண்டாடப்பட்ட பசிபிக்கின் டாமு மாசிஃப், நடுக்கடல் முகட்டில் பிறந்தது என்று 2019இல் காட்டிக்கொடுத்தவை அதன் காந்தக் கோடுகளே.

மலை எங்கே என்பது வேறு, உள்ளே என்ன என்பது வேறு. ஆழத்தில் கிடக்கும் கனத்த பாறையும், மேலே அகலமாகப் பரவிய, அவ்வளவு கனமில்லாத பாறையும் ஒரே ஈர்ப்பு அளவைத் தரக்கூடும். காந்தத்திலும் இதே சிக்கல். இரண்டையும் சேர்த்தால் குழப்பம் தீரும் என்பது வழக்கமான சமாதானம். எங்கே தீர்கிறது? இரண்டு கணக்கிலும் மலையின் உட்புறத்தை ஆய்வாளர்தான் முன்கூட்டியே வரைந்துகொள்கிறார். காந்த அளவீட்டுக்கு 1962இல் வாக்கியே என்ற ஆய்வாளர் தந்த முறை, மலை முழுதும் ஒரே திசையில் காந்தமேறியது என்று கொண்டது. லட்சக்கணக்கான ஆண்டுகள் விட்டுவிட்டுக் குழம்பு கக்கிய மலைக்கு, இடையில் புவிகாந்தமே தலைகீழாகியிருக்கக்கூடிய நிலையில், ஒரே திசையா? அந்தத் திசையை வைத்து மலை பிறந்த அட்சரேகையையும் எழுதிவிட்டார்கள்.

வங்கக் கடலுக்கு வாருங்கள். மகாநதிப் படுகையிலிருந்து, கோபால்ட்டுக்காக இந்தியாவும் இலங்கையும் கண்வைத்திருக்கும் அஃபனாசி நிகிதின் மலை வரை நீள்கிறது 85° கிழக்கு முகடு. வடக்கே வண்டலில் புதைந்த பகுதியில் ஈர்ப்பு குறைகிறது, தெற்கே கூடுகிறது. வெப்பப்புள்ளியின் தடம் என்கிறார் ஒருவர். கைவிடப்பட்ட விரிவு மையம் என்கிறார் இன்னொருவர். மேலோடு இழுபட்டதன் வடு என்கிறார் மூன்றாமவர். அளவீடு எல்லோருக்கும் தலையாட்டுகிறது. முகட்டின் காந்த மாற்றங்களைப் புவிகாந்த வரலாற்றோடு பொருத்தி, 8 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது என்று 2011இல் வயதும் குறித்தார்கள். எரிமலைத் தடம் என்று முதலில் ஒப்புக்கொண்டவருக்குத்தான் அந்த வயது. வடு என்பவருக்கு அது வெறும் எண்.

இத்தகைய வழக்கைத் தீர்ப்பது பாறைதான். ஹவாய் வெப்பப்புள்ளி அசையாதது என்ற பாடநூல் நம்பிக்கையை அசைத்தது எது? 2001இல் எம்பரர் மலைத்தொடரில் துளையிட்டு எடுத்த பாறை. துளையிடச் செலவாகும் என்பார்கள். ஆகட்டும்; மிச்சம்பிடித்த அந்தச் செலவைத் துல்லியம் என்று கணக்கில் எழுதாதிருந்தால் சரி.