நகராத பெட்டிகள்

பெட்டிக்கடை என்று தினமும் சொல்கிறோம், ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பெட்டி நம் கண்ணில் படுவதே இல்லை. மரத்திலோ தகரத்திலோ அடித்த ஒரு பெட்டி, நான்கு கால். முன்பக்கப் பலகையைத் தூக்கி முட்டுக்கொடுத்தால் நிழல். உள்ளே ஒருவர் உட்காரலாம், வெளியே நான்கு பேர் நிற்கலாம். ராத்திரி பலகையை இறக்கிப் பூட்டினால் கடை திரும்பவும் பெட்டியாகிவிடும். தேவைப்பட்டால் நாலு பேர் சேர்ந்து தூக்கி இடம் மாற்றலாம்.

இன்னொரு பெட்டிக்கடை இப்போது பிரபலமாகிவருகிறது. கப்பலில் சரக்கேற்றும் கன்டெய்னரை வெட்டி, கண்ணாடிக் கதவு வைத்து, மஞ்சள் பல்பு தொங்கவிட்டு உணவகமோ துணிக்கடையோ ஆக்குவது. உலக நகரங்களின் மையங்களில் ஆரம்பித்த இந்த மோகம் நம் ஊர் ரீல்ஸ்கள் வரை வந்துவிட்டது. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இரண்டுமே பெட்டிதான் என்றால், ஒன்றுக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்றும் மற்றதற்கு ‘கான்செப்ட்’ என்றும் பெயர் வருவது ஏன்?

இதற்குக் கன்டெய்னரின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அதன் பின்னால் இருந்த மால்கம் மெக்லீன் கப்பல்காரர் அல்ல, லாரி முதலாளி. சரக்கை மூட்டை மூட்டையாகக் கையால் ஏற்ற டன்னுக்குக் கிட்டத்தட்ட 6 டாலர் ஆன காலத்தில், பெட்டியோடு ஏற்றியபோது செலவு 16 சென்ட்டுக்கு இறங்கியது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983இல். எங்கெல்லாம் இந்தப் பெட்டி போனதோ அங்கெல்லாம் மூட்டை தூக்கியவர்களின் வேலை போனது. இன்று காபி குடிக்க ‘அழகான’ சுவராக நிற்கும் அந்த வரிவரியான இரும்புக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

பெட்டியைக் கண்டுபிடித்தது பெரிய விஷயமில்லை. எல்லாரும் ஒரே அளவுக்கு ஒத்துக்கொண்டதுதான் பெரிய விஷயம். 20 அடி அல்லது 40 அடி நீளம், 8 அடி அகலம், மூலைக்கு மூலை ஒரே மாதிரி வார்ப்புக் கொக்கித் துளை. உள்ளே முட்டையா மோட்டாரா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. கப்பல், ரயில், லாரி மூன்றிலும் திறக்காமலே மாறும். என் தொழிலான மென்பொருளில் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டோம். 2013இல் வந்த டாக்கரின் சின்னமே, முதுகில் கன்டெய்னர்களை அடுக்கிய ஒரு திமிங்கலம்தான். உள்ளே எந்த நிரல் இருந்தாலும் வெளியே ஒரே உருவம், எந்தக் கணினிக்கும் நகர்த்தலாம். கன்டெய்னர் என்றால் நகர்வு. கன்டெய்னர் உணவகமோ தோலை மட்டும் வைத்துக்கொண்டு உயிரை விட்டுவிடுகிறது. கான்கிரீட் அடித்தளம், கழிவுநீர்க் குழாய், மின் இணைப்பு எல்லாம் கொடுத்தபின் அந்தப் பெட்டி எங்கேயும் போகப்போவதில்லை.

பொறியியலாகப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. கன்டெய்னர் சுமையை நான்கு மூலைத் தூண்களில் தாங்குகிறது, மடிப்பு மடிப்பான பக்கச் சுவர்கள் அதை வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. ஜன்னலுக்காக அந்தச் சுவரை வெட்டினால், வெட்டிய பலத்தை ஈடுகட்டப் புதிதாக இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் பண்ண வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும். வெப்பக் காப்பு வைத்து மூடினால் 8 அடி அகலம் 7 அடியாகச் சுருங்கும், அப்புறமும் ஏசி ஓடியாக வேண்டும். ‘மறுசுழற்சி’ என்று சொல்லி ஆரம்பித்தது, புது இரும்பிலும் கரண்ட் பில்லிலும் போய் முடிகிறது. லாஸ் வேகஸ் நகர மையத்தில் 2013இல் திறந்த கன்டெய்னர் பார்க்கில் பாதிக்குக் கிட்டத்தட்ட கப்பலைப் பார்த்த பெட்டிகளே இல்லை, அதே தோற்றத்துக்காகப் புதிதாகச் செய்த இரும்புக் கூண்டுகள்.

எல்லாக் கன்டெய்னர் கடையும் வேஷம் என்று சொல்ல வரவில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 அன்று நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்தார்கள், நகர மையமே சரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காஷெல் தெருவில் கன்டெய்னர்களை அடுக்கி ‘ரீஸ்டார்ட்’ என்ற கடைவீதியைத் திறந்தார்கள். கட்டடத்தின் மீது நம்பிக்கை போன மக்களுக்கு அந்தப் பெட்டிகள் ஊர் இன்னும் இருக்கிறது என்று காட்டின. சுற்றிலும் கட்டடங்கள் எழ எழ அவை கிளம்பின. 2018 ஜனவரியோடு மூடியாயிற்று. அங்கே தற்காலிகம் என்ற சொல் உண்மையாக இருந்தது. லண்டன் ஷோர்டிச்சில் அதே 2011இன் கடைசியில் வந்த ‘பாக்ஸ்பார்க்’ ஐந்து வருஷத்துக்கு என்று சொல்லி ஆரம்பித்தது, அதைத் தாண்டியும் நின்றது. தற்காலிகம் அங்கே விளம்பர வாசகமானது. அதேபோல, நெடுஞ்சாலை ஓரம் குத்தகை நிலத்தில் பழைய பெட்டி ஒன்றைப் போட்டு டீ ஆற்றுபவரிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. குத்தகை முடிந்தால் அவர் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார். அவர் பெட்டிக்கு இன்னும் நகர்வு இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த அழகியல் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். லாரிக்குப் பாடி கட்டும் ஊர் அது. தகரத்தை வளைத்து, வெல்டிங் வைத்து, பெட்டி செய்வது அங்கே தினக்கூலி. அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கு முட்டை போவது குளிரூட்டிய கன்டெய்னரில். பெட்டி என்பது அங்கே வேலை. அதே மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது பேளுக்குறிச்சி. மளிகைச் சாமான்களுக்குப் பேர்போன வாரச்சந்தை கூடும் ஊர். மிளகு, சீரகம், கடுகு என்று வருஷத்துக்கான சாமானை மொத்தமாக வாங்கிப்போக வெளியூரிலிருந்தும் ஆள் வருவார்கள். சந்தை நாளில் தார்ப்பாய், கழி, கயிறு, சாக்கு, தராசு. சாயங்காலம் எல்லாம் மடங்கி வண்டி ஏறிவிடும். மறுநாள் அங்கே திடல்தான் இருக்கும்.

பாப்-அப் என்ற பெயரில் நகரங்கள் தேடுவது இதைத்தானே? ஒரு நாளைக்குக் கடைவீதியாக இருந்துவிட்டு மீண்டும் வெற்றிடமாகும் நிலம். சந்தையில் நிலையாக இருப்பது பொருளல்ல, கிழமை. கட்டடம் இல்லாமலே நம்பிக்கை வளர்கிறது. போன வாரம் வாங்கிய சீரகம் சரியில்லை என்றால் இந்த வாரம் அதே ஆளிடம் போய், “ஏனுங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே” என்று கேட்கலாம். எந்தக் கட்டடக்கலை விருதும் சந்தைக்குக் கிடைக்காது, ஏனென்றால் படமெடுக்க அங்கே ‘டிசைன்’ ஒன்றும் இல்லை.

ஆகவே என் விமர்சனம் இரும்பின் மீது அல்ல. தற்காலிகம் என்பதை ரசிப்பவர் ஒருவர், அதை அனுபவிப்பவர் இன்னொருவர். கன்டெய்னர் உணவகத்தில் காபி குடிக்கிறவருக்கு அந்த நிலையற்ற தோற்றம் ஒரு சுவை. பெட்டிக்கடைக்காரருக்கு அது ஒவ்வொரு காலையும் வரும் பயம். 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டம் கொண்டுவந்தது. நகர விற்பனைக் குழு வேண்டும், அதில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஆனாலும் சாலை அகலப்படுத்தும் நாளில் முதலில் ஜேசிபி கொத்துவது அந்தத் தகரப் பெட்டியைத்தான்.

நாளைக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்ண வண்ணக் கன்டெய்னர்களோடு ஓர் உணவுத் தெரு திறக்கலாம். போய்ச் சாப்பிடுங்கள், படம் எடுங்கள், தப்பில்லை. கூடவே ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: முன்பு அதே இடத்தில் தள்ளுவண்டி வைத்திருந்தவருக்கு அந்தப் பெட்டிகளில் ஒன்று கிடைத்ததா? கிடைத்திருந்தால் அது நல்ல கட்டடக்கலை. இல்லையென்றால், அங்கே நகர்த்தப்பட்டது கன்டெய்னர் அல்ல, அவர்.