பாலையில் பால்

அகராதியில் ‘பாலை’ என்றால் வறண்ட நிலம். சிலப்பதிகாரம் படித்தவருக்கு, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு கெட்டு ஆவதுதான் பாலை. அந்த அறிவோடு முல்லைத்தீவுக் காட்டோரம் வந்து நின்றால் சொல் புரண்டுவிடும். அந்த வன்னி நிலத்தில் பாலை ஒரு மரம். வைரமேறிய, அடர்ந்து தழைத்த பெருமரம். வைகாசி, ஆனியில், குளங்கள் வற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அது மஞ்சளாகப் பழுக்கிறது. விரல்நுனி அளவுப் பழம், உள்ளே மினுங்கும் விதை. தின்றவரின் உதடுகளைப் பால் ஒட்டிவிடும். கரடியும் அதைத் தேடி வரும்.

சங்கப் பாலை வேறு மரம், வெட்பாலையாக இருக்கலாம். வன்னிப் பழத்தை வைத்துப் பழம்பாட்டை அளக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெட்பாலையைக் கீறினாலும் பால்தான் வடியும். பெயருக்கு மூலம் வறட்சி அல்ல, அந்தப் பால் என்றே எனக்குப் படுகிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எல்லாம் செடிகொடி மரங்களின் பெயர்களாக இருக்க, பாலையை மட்டும் மணல்மேடாகப் பார்க்கப் பழகிவிட்டோம் (ஒட்டகத்தையும் சேர்த்துக்கொண்டோம்!). மரத்தை அறிந்தபின் பாலைத் திணையின் பிரிவுப் பாட்டுகள் வேறாகக் கேட்கின்றன: தலைவன் கடப்பது வெறும் வெளியை அல்ல, கோடையிலும் பால் வற்றாத மரங்கள் நிற்கும் காட்டை.