குரோ லைட்: போத்தனூர் வீட்டுக்கு எது போதும்?

செடிக்கு உணவாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள ஒளி. ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்று அதை அளக்கிறார்கள். போத்தனூர் உச்சி வெயிலில் இது 2,000 வரை போகும். ட்யூப்லைட் எரியும் 300 லக்ஸ் அறையில் நான்கைந்துதான். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் அறையிலும் கொத்தமல்லி நாற்று வெளிறி நெட்டையாவது அதனால்தான்.

எல்.இ.டி. குரோ லைட் வாங்குகையில் அட்டைப்பெட்டியில் உள்ள வாட் கணக்கை நம்ப வேண்டியதில்லை. ‘1,000 வாட்’ என்று விற்கும் மலிவு விளக்குகளில் பல, வாட் மீட்டரில் 100, 200-க்குள்தான் காட்டும். கேட்க வேண்டியது, ஒரு ஜூல் மின்சாரத்துக்கு எத்தனை மைக்ரோமோல் என்பது. நல்ல வெள்ளை விளக்குகள் 2.5-ஐத் தாண்டும். இந்த எண்ணைச் சொல்லாத விளக்கை ஒதுக்கிவிடலாம்.

இரண்டடிக்கு நாலடி அடுக்கில் வெந்தயம், கடுகு போன்றவற்றை நுண்கீரையாக (மைக்ரோகிரீன்) வளர்க்க, அந்தத் தரத்தில் 40 வாட் போதும். சிதறல் போக நூறு மைக்ரோமோலுக்கு மேல் கிடைக்கும். சாதாரண 20 வாட் எல்.இ.டி. ட்யூப்லைட் இரண்டை அடுக்கை ஒட்டி மாட்டினாலும் ஓரளவு ஒப்பேற்றலாம். விலையைப் பார்த்தால் தொடக்கத்துக்கு அதுவே புத்திசாலித்தனம்.

450 நானோமீட்டர் நீலமும் 660 நானோமீட்டர் சிவப்பும் மட்டும் கலந்த ஊதா விளக்கிலும் செடி வளரும். ஆனால் அந்த ஒளியில் இலை மஞ்சளிப்பதோ வெள்ளை ஈ ஒட்டுவதோ தெரியாது. வீட்டுக்குள் அதைச் சகிப்பதும் கடினம். போனிலுள்ள லக்ஸ் செயலியும் அதனிடம் ஏமாந்துபோகும். வெள்ளை விளக்கென்றால் செயலி காட்டும் லக்ஸை 70-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மைக்ரோமோல் வந்துவிடும். நடுவில் மட்டும் அளக்காமல் அடுக்கின் மூலைகளிலும் அளக்க வேண்டும். மலிவு விளக்குகளின் குறை அங்கேதான் வெளிப்படும்.

சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் விளக்கின் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். எல்.இ.டி.யை விட, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர்தான் முதலில் பழுதாகும். எனவே டிரைவர் தனியாகக் கழன்று வருவதும், ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைத் தாங்குவதுமான விளக்கு நல்லது. 24 மணி நேரமும் எரிய விடத் தேவையில்லை. திசு வளர்ப்புக் கூடங்களிலேயே 16 மணி நேரம்தான் வழக்கம். நுண்கீரைக்கு 12 போதும். ஒரு டைமர் இருந்தால் மறதிக்கு இடமில்லை.

40 வாட் விளக்கு இந்தக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் எடுக்கும். தக்காளி காய்க்க வேண்டுமென்றால் அதே அடுக்குக்கு 140 வாட், நாளுக்கு 14 மணி நேரம் தேவை. அது 118 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டை அந்த ஓர் அடுக்கே விழுங்கிவிடும். மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரப் பகல் உள்ள ஊரில் தக்காளித் தொட்டியை மொட்டை மாடியில் வைப்பதே சரி.