எண்பதில் எழும் ஊளை

எங்கள் ஏழு இருக்கை டீசல் எஸ்யூவி 72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்தக் கோடையில் அது ஊளையிடத் தொடங்கியது. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் மெல்லிய உறுமல், எண்பதில் காதை அடைக்கும் ஒரே சுருதி. தாம்பரம் தாண்டினால் பாட்டே கேட்காது. நடு வரிசையில் வலப்பக்கம் உட்காரும் அம்மா, "என் சீட்டுக்கு அடியிலேர்ந்துதான் வருதுப்பா" என்றார். ஒரு பட்டறையில் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, நாலையும் மாற்றச் சொன்னார்கள். நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவு. அதற்கு முன்பு நானே தேடிப் பார்க்க முடிவு செய்தேன். கையில் இருந்தவை ஒரு போன் செயலி, ஒரு மைக் செட், ஒரு ஜாக்கி.

செயலியின் பெயர் ஸ்பெக்ட்ராய்ட். இலவசம், ஆண்ட்ராய்டில் ஓடும். கேட்கும் ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்துத் திரையில் வரைந்து காட்டும். அறுபதில் 180 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூம்பு எழுந்தது. எண்பதில் அதே கூம்பு 240க்கு நகர்ந்தது. நான்காவது கியரிலும் ஐந்தாவதிலும் வேகம் ஒன்றாக இருந்தவரை கூம்பு அசையவில்லை. ஆகவே இன்ஜின் இல்லை, சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்று. செயலியின் பயன் அவ்வளவுதான். டயரும் சக்கரத்தின் பேரிங்கும் ஒரே கணக்கில்தான் வேகத்தைத் தொடரும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. இது முன்சக்கர இழுவை வண்டி. பின்சக்கர இழுவையாக இருந்தால் டிஃபரன்ஷியலையும் சந்தேகிக்க வேண்டும். டிஃபரன்ஷியலின் ஊளை பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஒலிக்கும்.

டயரா பேரிங்கா என்று அறிய காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டேன். பின்டயர்களின் விளிம்புக் கட்டைகள் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருந்தன, பட்டறைக்காரர்கள் தடவிப் பார்த்தது அதைத்தான். மாற்றியதும் சொரசொரவென்ற ஓர் இரைச்சல் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. ஊளை மட்டும் அப்படியே இருந்தது. புதிய தாரிலும் பழைய கான்கிரீட்டிலும் அது மாறவில்லை. டயர் ஒலியாக இருந்தால் சாலை மாறும்போது தானும் மாறியிருக்கும். ஆக, ஒலிகள் இரண்டு. பட்டறைக்காரர்கள் ஒன்றைத்தான் கண்டார்கள், அதுவும் சின்னதை.

அடுத்து, எந்தப் பக்கம் என்று அறிய, கத்திப்பாரா. மேம்பாலத்தின் உள்வட்டம் இடப்பக்கமாகச் சுற்றி இறங்கும்; அப்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். நாற்பதில்கூட உறுமல் வீங்கியது. பிறகு ஆளில்லாத அகலச் சாலை ஒன்றில் வலப்பக்கம் வளைத்தேன், ஒலி அடங்கியது. குற்றவாளி வலப்பக்கம்தான். முன்னா, பின்னா?

இங்கேதான் மைக் செட்டுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை. கிளிப் வைத்த நான்கு வயர்லெஸ் மைக்குகள், ஒரு ரிசீவர், ஒரு ஹெட்போன். நான்கு சக்கரத்திலும் பேரிங்குக்குப் பக்கத்தில், சுழலும் எதிலும் படாமல், ஒரே மாதிரி இடத்தில் மாட்ட வேண்டும். கேபிள் டையால் கட்டுவது அவசியம். ஓட்டுகிறவர் கேட்கக் கூடாது. நான் ஓட்ட, மகன் சேனல் மாற்றிக் கேட்டான். "அப்பா, மூணாவதுதான். மத்தது எல்லாம் காத்து மாதிரி இருக்கு." மூன்றாவது, வலது முன்சக்கரம். அம்மாவின் இருக்கைக்கு அடியில் எதுவுமே இல்லை. ஒலி இரும்புத் தரை வழியாக ஓடி அங்கே போய் எழுந்திருக்கிறது. காதை மட்டும் நம்பியிருந்தால் பின்சக்கரத்தைப் பிரித்திருப்பேன்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ப்ளே, அதாவது தளர்வு, இல்லை. பலர் இத்துடன் பேரிங் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கில் வைத்தேன். மணலை அரைப்பதுபோன்ற நடுக்கம் விரலில் தெரிந்தது. இடப்பக்க ஸ்பிரிங்கில் அது இல்லை.

மாற்றுவதை வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். இந்த வண்டியில் பேரிங்கை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் பிரஸ் வைத்து இறக்க வேண்டும். வெளி வளையத்தை மட்டும் அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். பிறகு ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்குப் பின்னாலிருந்து தாங்கு கொடுக்க வேண்டும். தாங்காமல் அழுத்தினால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் பதித்துவிடும், புது பேரிங்கே ஊளையிடும். ஒரு பக்கத்து சீலில் ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையம் இருக்கிறது. அது சென்சாரைப் பார்த்து நிற்க வேண்டும். சுத்தியல் அங்கே ஆகாது. ஆக்ஸில் நட்டுக்கு அவர் இம்பாக்ட் கன்னை எடுத்தார். "சார், எப்பவும் இதுலதான்" என்றார். புது நட், டார்க் ரெஞ்ச், கையேட்டில் உள்ள அளவு, மூன்றையும் கேட்டு வாங்கினேன். அந்த நட்டின் இறுக்கம்தான் பேரிங்கின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. இறுகும்வரை வண்டிப் பாரம் அதில் படவே கூடாது. பேரிங்கும் கூலியும் 6,800 ரூபாய்.

பழையதை வெட்டிப் பார்த்தோம். கிரீஸ் காப்பி நிறத்தில் இருந்தது, உள் ஓடுபாதையில் அம்மைத் தழும்புபோல் பொரிந்த ஒரு திட்டு. போன மழைக்கு வேளச்சேரியில் ஹப் மூழ்கும் தண்ணீரில் ஓட்டியிருந்தேன். சூடான ஹப் திடீரென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இங்கே நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மேல்மருவத்தூர்வரை ஓட்டிப் பார்த்தேன். எண்பதில் அம்மா பின்னாலிருந்து சாதாரணக் குரலில் பேசியது கேட்டது. ஸ்பெக்ட்ராய்டில் 240இல் இருந்த கூம்பு இல்லை. ரம்பப்பல் டயர்களின் சொரசொரப்பு மட்டும் கான்கிரீட்டில் இன்னும் வருகிறது. அந்தத் தேய்மானம் கூடாமலிருக்க வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.