விடை கூறாத மர்மம்

மர்மம் என்பது இறுதியில் அவிழ்க்கப்படவேண்டிய முடிச்சு எனக் கொள்வோர்க்கு, இத்தாலிய நெறியாளர் அன்ரோனியோனியின் ‘லாவென்ரூரா’ குறையுடைய படைப்பாகவே தோன்றும். 1960ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் அதனைக் கண்டோருட் பலர் கூச்சலிட்டு எள்ளி நகையாடினர். எனினும், அதே விழாவில் நடுவர் குழுவின் பரிசு அதற்குக் கிடைத்தது.

சிசிலிக்கு வடக்கேயுள்ள பாறைத் தீவொன்றில் அன்னா என்னும் பெண் காணாமற்போகிறாள். காதலன் சன்ட்ரோவும் தோழி கிளவுடியாவும் அவளைத் தேடுகின்றனர். தேடல் நீள நீள அவ்விருவரிடையே காதல் அரும்புகிறது. அன்னா இறந்திருப்பாளோ என முதலில் அஞ்சிய கிளவுடியா, பின்னர் அவள் உயிரோடிருப்பாளோ என அஞ்சுகிறாள். அன்னாவுக்கு நேர்ந்தது யாதெனப் படம் கூறுவதேயில்லை.

வெறும் பாறையும் காற்றின் ஓசையும் ஆளரவமற்ற தெருக்களும் நெடுநேரம் திரையில் நிலைக்கின்றன. அறிவு காரணம் தேடுமுன்னரே, உறவுகளின் வறுமையை உள்ளுணர்வு இச்சூழலினூடாக உணர்ந்துகொள்கிறது. அதனூடே பார்வையாளனும் அன்னாவை மறந்துவிடுகிறான். விடை கிடைத்திருப்பின் அவன் ஆறுதலுடன் வெளியேறியிருப்பான். விடையின்மையோ அவனையும் மறந்தோருள் ஒருவனாக்கிவிடுகிறது. இப்படத்தில் மர்மத்தின் பயன் இதுவே எனலாம்.