தொட்டிலில் ஒரு குற்றவாளி!

தொட்டிலிலே கிடக்கிறது குழந்தை. பிறந்து பத்து நாளும் ஆகவில்லை. பொய்யுரைக்க அதற்கு நா இன்னும் திருந்தவில்லை. பிறர் பொருளைப் பறிக்கக் கை இன்னும் நீளவில்லை. பகை பாராட்டப் பகைவன் யார், நண்பன் யார் என்பதே தெரியாது. பசித்தால் அழும், பால் கிடைத்தால் உறங்கும். அதன் வரலாறு அவ்வளவே! மழலையின் முன் குழலும் யாழும் தோற்கும் என்று வள்ளுவர் கண்ட நாடு இது. இந்த நாட்டிலே, அந்தப் பச்சிளங் குழவியைப் பார்த்து, 'நீ பாவி' என்று கூற எவருக்கேனும் மனம் வருமா?

வந்திருக்கிறது, தோழர்களே! மனம் வந்ததோடு நிற்கவில்லை. மாநாடு கூட்டி முடிவும் கட்டியிருக்கிறார்கள். கி.பி. 418-ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலே கூடிய ஆயர்கள், அன்று பிறந்த குழந்தைக்கும் பாவக் கழுவாய் தேவை என்று தீர்ப்பளித்தனர். 1546-இல் திரெந்து நகரிலே கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம் அத்தீர்ப்பை மீண்டும் உறுதி செய்தது. ஆதாம் என்னும் முதல் மனிதன் விலக்கப்பட்ட கனியைத் தின்றானாம். அந்தக் குற்றம் அவன் வழித்தோன்றல் ஒவ்வொருவர் மீதும் பிறக்கும்போதே படிகிறதாம். அதற்குப் பெயர் ஜென்மபாவம். அதைக் கழுவும் நீருக்குப் பெயர் ஞானஸ்நானம். இன்று திருமுழுக்கு என்று நல்ல தமிழிலே வழங்குகின்றனர். கழுவப்பட்ட குழந்தைக்கு மீட்பு உண்டு. கழுவப்படுமுன் கண்மூடிய குழந்தைக்கு? அந்தக் கேள்விக்கு விடை காண முடியாமல் பதினைந்து நூற்றாண்டுகள் திணறியிருக்கிறார்கள்.

இந்த வழக்கை நாம் ரோமாபுரியிலே வைத்து ஆராயவேண்டியதில்லை. மதுரையிலேயே வைத்து ஆராயலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஜென்மபாவமும், இங்கே வேரூன்றியிருந்த முன்வினையும் நேருக்கு நேர் நின்று வாதாடிய களம் நம் மதுரை.

நாயக்கர் ஆட்சிக்காலத்திலே, 1606-ஆம் ஆண்டு, மதுரைக்கு வந்து சேர்ந்தார் இத்தாலிய நாட்டுப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி. காவி உடுத்தார், சந்தனம் பூசினார், பூணூல் அணிந்தார், புலால் நீக்கினார், தத்துவ போதகர் என்று பெயர் பூண்டார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றுத் தேர்ந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் என்று உரைநடை நூல்கள் பல எழுதினார். வடசொல் மலிந்த நடைதான் எனினும், தமிழ் உரைநடை வரலாற்றிலே அவருக்குரிய இடத்தை நாம் மறுக்கவில்லை. அவர் நூல்களிலே ஒன்றின் பெயர் புனர்ஜென்ம ஆக்ஷேபம். மறுபிறவி என்னும் கொள்கையை மறுப்பதற்கென்றே எழுந்த நூல்!

மறுபிறவியை மறுக்கப் புகுவோர்க்குக் கிடைக்கும் கூரிய படைக்கலம் எது? 'நினைவிலே இல்லாத ஒரு பிறவியில், அறியாத ஒரு காலத்தில் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு இன்று தண்டனையா? இது எந்த ஊர் நீதி?' என்ற கேள்விதான். நல்ல கேள்வி, நாமும் நாள்தோறும் கேட்கும் கேள்வி. ஆனால் அதே படைக்கலத்தை ஏந்தியவாறு ஏதேன் தோட்டத்தின் வாயிலுக்குச் சென்றால் என்ன ஆகும்? முன்வினைக் கொள்கையாவது, 'செய்தவன் நீயேதான். மறந்துவிட்டாய்' என்று ஒரு சாக்குச் சொல்கிறது. ஜென்மபாவக் கொள்கையோ, 'நீ செய்யவில்லை. உன் மூதாதை செய்தான். பழி மட்டும் உன்மீது' என்கிறது. முன்னது பொய்க் கணக்கு என்றால், பின்னது அடுத்தவன் கணக்கு! ஒன்றை மறுத்த அறிவு, மற்றொன்றின் முன் மண்டியிட்டதேன்?

சொற்களையே பாருங்கள். பிறப்போடு வருவது ஜென்மபாவம். தானே செய்வது கர்மபாவம். இவை தமிழ்க் கிறித்தவ உபதேச நூல்கள் வழங்கிய சொற்கள். ஜென்மம், கர்மம் என்ற இரண்டும் எவருடைய கொட்டிலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தவை? எதிரியின் கோட்டையை இடிக்கப் போனவர்கள், அதன் செங்கல்லைக் கொண்டே தம் கோட்டையைக் கட்டினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, கழுவப்படாமல் இறந்த குழந்தையின் கதைக்கு வருவோம். அறிவிலும் எழுத்திலும் ஆற்றல் மிக்க அகஸ்தீன், ஐந்தாம் நூற்றாண்டிலே துணிந்து சொன்னார்: அக்குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக மிக மெல்லிய தண்டனை என்று. மெல்லிய நெருப்பு! அதைக் கேட்டுத் தாய்மார் மனம் ஆறினரோ, என்னவோ! இடைக்கால அறிஞர்களுக்கு அதுவும் பொறுக்கவில்லை. நரகமும் வேண்டாம், வானகமும் கிட்டாது என்று, இரண்டுக்கும் புறத்தே 'லிம்போ' என்றோர் இடத்தைக் கற்பித்தனர். வேதனை இல்லை, ஆனால் கடவுளைக் காணும் பேறும் இல்லை. திருமுழுக்குப் பெறாத குழந்தையைப் புனிதப்படுத்திய கல்லறை மண்ணில் புதைக்கவும் இடம் தராத வழக்கம் பல நாடுகளிலே நெடுங்காலம் நிலவியது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றவளுக்கு, சாவு ஒரு துயர்; வேலிக்கு வெளியே தோண்டிய குழி மற்றொரு துயர்.

2007-ஆம் ஆண்டு, வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போ கட்டாயக் கோட்பாடு அன்று; முழுக்குப் பெறாது இறந்த குழந்தைகளும் மீட்படைவர் என நம்புவதற்கு இடமுண்டு என்றது அவ்வறிக்கை. உறுதி என்று கூறவில்லை. நம்பலாம் என்று கூறிற்று. நாம் மகிழ்கிறோம். ஆனால் கேட்கிறோம்: புதிய ஏடு ஏதேனும் வானிலிருந்து இறங்கிற்றா? இல்லை. பழைய ஏடுதான், பழைய வரிகள்தான். மாறியது மனிதனின் மனம்! குழந்தையைத் தண்டிக்கும் கடவுளை வணங்க மனிதன் கூசினான். ஆகவே இறையியல் திருந்தியது. வேதம் மனிதனுக்கு நீதி கற்பித்ததாகச் சொல்கிறார்களே, இங்கே மனித நீதியல்லவா வேதத்துக்குப் பொருள் கற்பித்தது!

'நீரைத் தெளித்தால் என்ன குறைந்துவிடும்? வெறும் சடங்குதானே?' என்று சிலர் கேட்பர். வெறும் சடங்கன்று என்பதை இத்தாலியின் பொலோஞா நகரிலே 1858-இல் நடந்த கொடுமை காட்டும். எட்கார்தோ மொர்த்தாரா என்னும் யூதச் சிறுவன், வயது ஆறு. கைக்குழந்தையாக நோயுற்றிருந்தபோது, இறந்துவிடுவானோ என்று அஞ்சி, வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி பெற்றோர் அறியாமல் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாளாம். செய்தி வெளிவந்தது. கிறித்தவனாகிவிட்ட பிள்ளை யூதர் வீட்டிலே வளரலாகாது என்று, போப்பாண்டவரின் காவலர்கள் வந்து பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்துச் சென்றனர். தாய் கதறினாள், ஐரோப்பிய ஏடுகள் கண்டித்தன, ஒன்பதாம் பயஸ் பிள்ளையைத் திருப்பித் தரவே இல்லை. அவன் வளர்ந்து பாதிரியாராகி, 1940-இல் மறைந்தான். ஒரு கை நீர், ஒரு குடும்பத்தையே மூழ்கடித்தது! இது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1983-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலும், சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குப் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகவும் முழுக்குத் தரலாம் என்ற விதி இருக்கிறது.

கிறித்தவர் அனைவரும் இதை ஏற்றனர் என்று நாம் கூறவில்லை; கூறினால் அது வரலாற்றுக்கு இழைக்கும் வஞ்சகம். அறியாக் குழந்தைக்கு முழுக்கு எதற்கு, அறிந்து நம்புகிறவனே பெறட்டும் என்று 1525-இல் சூரிக் நகரிலே ஒரு கூட்டம் கிளம்பிற்று. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் என்பாரை, 1527-இல், அந்நகரின் ஆற்றிலேயே அமிழ்த்திக் கொன்றனர். கொன்றவர்களும் சீர்திருத்தக் கிறித்தவர்களே! அந்த மறுப்பின் வழியிலே வந்த பாப்திஸ்து சபையாரும், பின்னாளில் தோன்றிய பெந்தெகோஸ்தே சபையாரும், இன்றும் குழந்தைக்கு முழுக்குத் தருவதில்லை. ஒரே நூலைப் படித்துவிட்டு, ஒரு சாரார் குழந்தை பாவி என்கின்றனர். மறு சாரார் மாசற்றது என்கின்றனர். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு கூறியதாக அதே நூலில்தான் எழுதியிருக்கிறது. அவர்களைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னதாக அந்த இடத்திலே இல்லை!

மீண்டும் மதுரைக்கு வருவோம். பிறவி மாசைக் கழுவும் நீர் என்றார்களே, இம்மண்ணிலே பிறவியோடு ஒட்டவைக்கப்பட்ட உண்மையான மாசு ஒன்று இருந்ததே, சாதி! அதை அந்நீர் கழுவிற்றா?

பழைய ரோமைச் சடங்கின்படி, முழுக்குத் தரும் குரு குழந்தையின்மேல் ஊதவேண்டும். நாவில் உப்பு வைக்கவேண்டும். தம் உமிழ்நீரைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் தடவவேண்டும். இங்கோ எச்சில் தீட்டு! மேல்சாதியார் முகம் சுளிப்பர் என்று மதுரை மிஷன் பாதிரிமார் ஊதுவதையும் உமிழ்நீரையும் விட்டுவிட்டனர். தொட்டால் தீட்டு என்ற நாட்டிலே, பாவத்துக்கு அஞ்சாத சடங்கு தீட்டுக்கு அஞ்சிற்று! ரோமாபுரியின் தூதர் தெ தூர்னோன் 1704-இல் புதுவையிலிருந்து ஆணையிட்டு இதைக் கண்டித்தார். ஒடுக்கப்பட்டோர் நோயுற்றால் அவர்தம் குடிசைக்குள் சென்று பாதிரிமார் அருட்கடன் ஆற்றவேண்டும் என்றும் கட்டளையிட்டார். நாற்பதாண்டு வழக்காடினர். முடிவு என்ன தெரியுமா? 1744-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட், அம்மக்களுக்கென்றே தனிப் பாதிரிமாரை அமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். ஒரே முழுக்கு, ஒரே மீட்பர், ஆனால் சாதிக்கொரு சாமியார்!

எல்லோரும் பணிந்துபோகவில்லை. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டொழித்தாலன்றிச் சபையில் இடமில்லை என்று உறுதியோடு நின்றது. பாராட்டுகிறோம். அப்போது நடந்ததென்ன? உபதேசியார் பலர் பதவியை விட்டனர், சாதியை விடவில்லை. தெற்கே வடக்கன்குளத்திலே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துக் கட்டிய கோயிலின் தடுப்பு 1910-இலேதான் அகன்றது. கண்ணுக்குத் தெரியாத ஆதாமின் பாவத்தைக் கழுவிவிட்டோம் என்றவர்களால், கண்ணுக்குத் தெரிந்த சுவரைக் கழுவ முடியவில்லை.

அரசின் சட்டமோ இன்னொரு வேடிக்கை. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய 1950-ஆம் ஆண்டு ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியலில் இடம் என்றது. 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் சேர்த்தனர், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. சேர்க்குமாறு கோரி 2023-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. முழுக்குப் பெற்றதும் சாதி போயிற்று என்கிறது சட்டம். போகவில்லை என்கிறது ஊர். இடையிலே நிற்கிறது, கல்வியும் வேலையும் கேட்டு, ஒரு குழந்தை.

இதைப் படிக்கும் வைதிகத் தோழர் எவரேனும், 'பார்த்தீர்களா, அவர்கள் நிலையை!' என்று மீசையை முறுக்குவாராயின், சற்றே பொறுக்கட்டும். ஊனமுற்ற பிள்ளையைப் பார்த்து, 'போன பிறவியில் என்ன செய்ததோ' என்று பெற்றவள் காதுபடச் சொல்லும் வாய் எவருடையது? பிறந்த வீட்டுக்கே தீட்டு என்று விலகி நிற்பது யார்? சேரியில் பிறந்ததே பழவினையின் பயன் என்று ஏடு எழுதியது யார்? வந்த மதம் குழந்தைக்கு ஒரு பழி வைத்தது. இருந்த மதம் பழியோடு இழிவும் சேர்த்து வைத்தது. கல் எறிய இருவர் கையிலும் உரிமை இல்லை.

கிறித்தவ அன்பர்களுள் அறிவார்ந்தோர் இன்று வேறு விளக்கம் தருகின்றனர். ஜென்மபாவம் என்பது குழந்தை செய்த குற்றமன்று, மனித இனத்தின் குறைபட்ட நிலை. முழுக்கு என்பது குழந்தையைச் சமுதாயம் அணைத்துக்கொள்ளும் வரவேற்பு என்கின்றனர். வரவேற்பு எனில் வாழ்த்துகிறோம்! பெயரிட்டு, பூச்சூட்டி, உற்றார் கூடி மகிழட்டும். ஆனால் வரவேற்புக்கு முன் ஒரு குற்றச்சாட்டு எதற்கு? விருந்தினனை வாயிலிலே நிறுத்தி, 'உன் பாட்டன் திருடன். கால் கழுவிக்கொண்டு உள்ளே வா' என்று சொல்வதா விருந்தோம்பல்?

குழந்தைக்கு உண்மையிலே மீட்பு வேண்டும். எதிலிருந்து? நோயிலிருந்து, பசியிலிருந்து, அறியாமையிலிருந்து. பெரியம்மையிலிருந்து உலகக் குழந்தைகளை மீட்டது ஊசி. அந்நோய் ஒழிந்ததென உலக நலவாழ்வு நிறுவனம் 1980-இல் அறிவித்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை இந்தியா முழுமைக்கும் 28, தமிழ்நாட்டில் 13. இந்த வேறுபாடு எந்தத் தீர்த்தத்தால் வந்தது? மருத்துவச்சாலையால், செவிலியால், தாயின் படிப்பால், சத்துணவால் வந்தது. மதுரையிலே பள்ளியும் மருத்துவமனையும் கட்டிய கிறித்தவத் தொண்டர்களுக்கும் இதில் பங்குண்டு. மனமார நன்றி கூறுகிறோம். அவர்கள் கோயிலில் தெளித்த நீரைவிட, மருத்துவமனையில் காய்ச்சிக் கொடுத்த நீர் மீட்ட உயிர்கள் மிகுதி!

ஆகவே தோழர்களே, தொட்டிலருகே எந்த மதத்தின் பெயரால் எவர் வந்து நின்றாலும், அவர் கையிலிருக்கும் கணக்கேட்டை வாங்கிப் பாருங்கள். ஆதாமின் கடன் என்றாலும், முன்பிறவிக் கடன் என்றாலும், சாதியின் கடன் என்றாலும், 'கையொப்பமிட்டவன் எங்கே?' என்று கேளுங்கள். குழந்தை வளரட்டும், படிக்கட்டும், வேதத்தையும் படிக்கட்டும், அதற்கான மறுப்பையும் படிக்கட்டும். வயது வந்து, சிந்தித்து, ஒரு நெறியைத் தேர்ந்தாலும் தேரட்டும்; தேராவிட்டாலும் போகட்டும். அதுவரை, தான் வாங்காத கடனுக்காக அதனிடம் வட்டி கேட்க எவருக்கும் உரிமை இல்லை.